பத்துக்குப் பத்து அறையில் ஒரு விண்கலம்: வீட்டு அலுவலகத்தை அறிவியல் புனைவு அறையாக மாற்றும் முறை

சென்னை அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்றாவது படுக்கையறை என்ற பெயரில் கட்டுநர் கொடுத்த பத்துக்குப் பத்தடி அறையில்தான் என் அலுவலகம் இருக்கிறது. ஒரு சன்னல், ஒரு பரண், ஒரு மின்விசிறி, ஒரு குளிர்சாதனம், கைக்கு எட்டாத இடத்தில் இரண்டு பிளக் பாயிண்ட் என்று எல்லா வீடுகளிலும் இருப்பது போன்ற சாதாரண அறைதான் அது. அந்த அறையை நீண்ட பயணம் செல்லும் விண்கலத்தின் உட்புறம்போல மாற்றி, அதற்குள் அமர்ந்து நாள்தோறும் எட்டு மணி நேரம் வேலை செய்து வருகிறேன். இந்த அனுபவத்தில் கற்ற வழிமுறைகளை, இதே ஆசை உள்ளவர்களுக்குப் பயன்படும் வகையில் இங்கே எழுதுகிறேன்.

இந்த வேலையில் இறங்குபவர்களில் பெரும்பாலோர் முதலில் கடைக்குத்தான் போகிறார்கள். சுவரொட்டிகள், விண்வீரர் பொம்மைகள், நீல நிற எல்.இ.டி. பட்டை, நட்சத்திரங்களைக் கூரையில் சிதறடிக்கும் புரொஜெக்டர் ஆகியவை வந்து சேர்கின்றன. ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் அறை பரிசுப்பொருள் கடைபோல இருக்கிறது. ஒரு கற்பனை உலகத்தைப் பார்ப்பவர் நம்ப வேண்டுமென்றால், அங்கே கண்ணில் படும் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு வேலையைச் செய்ய வேண்டும், அதன் வடிவத்துக்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். இந்த ஒன்றை மட்டும் கடைப்பிடித்தால், செலவு பாதியாகக் குறைவதோடு, அறை அலுவலகமாகவும் நீடிக்கும்.

எந்த உலகம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

அறிவியல் புனைவு என்பது ஒரே தோற்றம் அன்று. 1960களின் கற்பனையில் பிறந்த மாசற்ற வெள்ளைக் கலம் ஒன்று உண்டு. எண்ணெய்க் கறையும் துருவும் படிந்த சரக்குக் கப்பல் ஒன்று உண்டு. மழையும் நியான் விளக்குகளும் நிறைந்த எதிர்கால நகரம் இன்னொன்று. இவற்றை ஒரே அறையில் கலந்தால் மூன்றுமே கெடும். வெள்ளைக் கலத்துக்கு ஆசைப்படுபவர்கள், சென்னைப் புழுதியில் பளபளப்பான வெள்ளைப் பரப்பை வாரம் இருமுறை துடைக்கத் தங்களுக்கு நேரம் இருக்குமா என்று யோசித்துக்கொள்ள வேண்டும். நியான் நகரம் படமெடுக்க அழகாக இருக்கும்; ஆனால் அந்த வெளிச்சத்தில் ஒரு கணக்கு அறிக்கையை முழுதாகப் படித்து முடிக்க இயலாது.

நான் தேர்ந்தெடுத்தது, உண்மையிலேயே மனிதர்கள் வாழும் பன்னாட்டு விண்வெளி நிலையத்தின் உட்புறத்தை. அதன் முதல் பகுதி 1998இல் ஏவப்பட்டது. 2000ஆம் ஆண்டு நவம்பர் முதல் அங்கே ஆள் இல்லாத நாளே கிடையாது. அந்த நிலையத்தின் ஆய்வகப் பகுதிகளைப் படங்களில் பார்த்தால், நான்கு பக்கங்களிலும் ஒரே அளவிலான அடுக்குப் பெட்டிகள் வரிசையாக இருப்பதும், குழாய்களும் கம்பிகளும் மறைக்கப்படாமல் வெளியே தெரிவதும், கைப்பிடிக் கம்பிகளும் அறிவிப்புச் சீட்டுகளும் எங்கும் நிறைந்திருப்பதும் தெரியும். நம் ஊர் அறைகளில் நமக்குத் தலைவலி தரும் குளிர்சாதனக் குழாய், யு.பி.எஸ்., ரவுட்டர், பரண் ஆகிய எல்லாவற்றுக்கும் இந்த உலகத்தில் இயல்பான இடம் கிடைத்துவிடுகிறது. அவற்றை ஒளிக்க வேண்டியதில்லை, ஒழுங்குபடுத்தினால் போதும். பரண் தலைக்கு மேலுள்ள சேமிப்பறையாகிவிடுகிறது. குளிர்சாதனக் குழாய் கலத்தின் குளிரூட்டும் குழாயாகிவிடுகிறது.

வடிவங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். விண்கலச் சன்னல்களும் வாயில்களும் மூலை மழுங்கியவையாக இருப்பது அழகுக்காக அன்று. உள்ளே காற்றழுத்தம், வெளியே வெற்றிடம் என்னும் நிலையில், கூர்மையான மூலைகளில் இழுவிசை குவிந்து அந்த இடத்தில்தான் முதலில் விரிசல் விடும். 1954இல் பிரிட்டனின் காமெட் பயணிகள் விமானங்கள் வானில் உடைந்து விழுந்தபோது, உடற்பகுதியில் சன்னல் போன்ற திறப்புகளின் மூலைகளில் தோன்றிய உலோகச் சோர்வுதான் அதற்குக் காரணம் என்று விசாரணையில் தெரியவந்தது. இந்தக் காரணத்தை அறியாதவர்களின் கண்ணும்கூட மழுங்கிய மூலையைப் பார்த்தால் 'அழுத்தம் தாங்கும் கலம்' என்றே எடுத்துக்கொள்கிறது. ஆகவே நீங்கள் வெட்டும் ஒவ்வொரு பலகையின் மூலையையும் வட்டமாக உருட்டுங்கள், அல்லது 45 பாகையில் சீவிவிடுங்கள். இந்த அறையில் குறைந்த செலவில் மிகுந்த பலன் தரும் வேலை இதுதான்.

வரைபடமும் வேலை வரிசையும்

வரைபடத் தாளில் அறையின் நான்கு சுவர்களையும் தனித்தனியாக, இருபதில் ஒரு பங்கு அளவில் வரைந்து, கதவு திறக்கும் திசை, சன்னல், சுவிட்ச் பெட்டிகள், பரண், மின்விசிறியின் இறக்கைகள் வந்து போகும் வட்டம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். மேசை சன்னலுக்குப் பக்கவாட்டில் அமைய வேண்டும். சன்னல் எதிரே இருந்தால் கண் கூசும், முதுகுக்குப் பின்னே இருந்தால் திரையில் ஒளி தெறிக்கும். மேசையின் உயரம் 72 முதல் 75 செ.மீ. வரை இருப்பதும், திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்தை ஒட்டி, ஒரு கை நீளத் தொலைவில் இருப்பதும் மாற்றக்கூடாதவை. கட்டுப்பாட்டு மேடைபோலச் சாய்வான மேசை செய்ய வேண்டும் என்று சிலர் விரும்புவார்கள். சாய்வான பரப்பில் பேனாவும் தண்ணீர்க் குவளையும் நிற்காது. சாய்வை மேசையின் பின்விளிம்பில் ஒரு கை அகலத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டால் தோற்றமும் கிடைக்கும், வேலையும் நடக்கும்.

நான்கு சுவர்களையும் அலங்கரிக்க வேண்டாம். வேலை செய்யும்போது நீங்கள் பார்க்கும் சுவரும், கதவைத் திறந்தவுடன் கண்ணில் படும் சுவரும் போதும். காணொளிக் கூட்டங்களில் உங்களுக்குப் பின்னே தெரியும் சுவரை அமைதியாக விட்டுவிடுங்கள். வாடிக்கையாளரோ மேலதிகாரியோ உங்கள் பேச்சைக் கவனிக்க வேண்டுமே தவிர, தோளுக்குப் பின்னே ஒளிர்வது என்ன என்று யோசித்துக்கொண்டிருக்கக் கூடாது.

வேலை வரிசை பிசகினால் இரட்டைச் செலவு. மின்வேலை, சுவரில் வெட்டிய இடங்களைப் பூசுதல், பட்டி பார்த்தல், பிரைமர், வண்ணம், பலகைகள், விளக்குகள், கடைசியாக எழுத்துச் சீட்டுகள் என்ற வரிசையை விட்டு விலகாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மாத மழைக்காலத்தில் வண்ணவேலையை வைத்துக்கொள்ள வேண்டாம். சுவரில் ஈரம் இருந்தால் பட்டி உதிரும். தை பிறந்தபின் தொடங்குவது நல்லது.

மின்வேலை

இந்த அறையில் மறைந்து கிடக்கும் பகுதி இதுதான் என்பதால் இதற்கே அதிகக் கவனம் தேவை. 230 வோல்ட் வேலை முழுவதையும் உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனிடம் ஒப்படையுங்கள். மின்சுமை மிகும்போது தானாக அணையும் எம்.சி.பி. சுவிட்ச் அறைக்குத் தனியாக, மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. வீட்டுக்கு, ஒவ்வொரு பிளக் பாயிண்டிலும் முறையான எர்த் இணைப்பு ஆகியவை இருக்கின்றனவா என்று அவரைச் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். மேசையின் பின்னே ஆறு பிளக் பாயிண்டுகளை ஒரே வரிசையில், மேசைமட்டத்துக்கு ஒரு சாண் மேலே கேளுங்கள். எக்ஸ்டென்ஷன் பெட்டிகளின் சங்கிலி அதோடு ஒழிந்துவிடும்.

விளக்குப் பட்டைகளுக்கான 12 அல்லது 24 வோல்ட் கம்பிகளையும் 230 வோல்ட் கம்பிகளையும் ஒரே கேசிங் கேப்பிங்குக்குள், அதாவது கம்பிகளை மூடி ஓட்டும் பிளாஸ்டிக் தடத்துக்குள், விடக் கூடாது. இரண்டு தனித்தனிப் பாதைகள் வேண்டும். இந்தப் பாதைகளைச் சுவரின் மூலையில் ஒளித்து ஓட்டுவதற்குப் பதிலாக, சாம்பல் நிறக் கேசிங்கைத் தரையிலிருந்து ஒரே உயரத்தில் நேர்கோடாகச் சுவர் முழுதும் ஓட்டி, மூடியின் மேல் ஓரடிக்கு ஒருமுறை எண் எழுதிவிட்டால், அதுவே கலத்தின் கம்பித்தடமாகிவிடும்.

வெளிச்சம்

அறையின் தன்மையை முக்கால் பங்கு தீர்மானிப்பது வெளிச்சம். பணம் குறைவாக இருந்தால் மற்ற எல்லாவற்றையும் தள்ளிப்போட்டுவிட்டு இதை மட்டும் ஒழுங்காகச் செய்யுங்கள்.

எதிர்காலம் என்றாலே நீல வெளிச்சம் என்ற எண்ணத்தை முதலில் கைவிட வேண்டும். நீலநிறமுள்ள குறுகிய அலைநீள ஒளி, இன்னும் பகல் என்று உடலுக்குச் சொல்லி, தூக்கத்துக்கு வழிவிடும் மெலடோனின் சுரப்பைத் தள்ளிப்போடுகிறது. இரவு பத்து மணிக்கு வெளிநாட்டு அலுவலகத்தோடு கூட்டம் முடித்துவிட்டு நீல வெளிச்சத்திலிருந்து எழுந்து போகிறவருக்குத் தூக்கம் எளிதில் வராது. விண்வெளி நிலையத்திலும் இதே சிக்கல் இருந்தது. ஏறக்குறைய 92 நிமிடத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றுவதால் அங்கே ஒரு நாளில் பதினாறு முறை சூரியன் உதிக்கிறது, உடலின் கடிகாரம் எதை நம்புவது என்று தெரியாமல் குழம்புகிறது. அதனால் 2016 முதல் அங்கே பழைய குழல் விளக்குகளை எடுத்துவிட்டு, மூன்று நிலைகள் கொண்ட எல்.இ.டி. விளக்குகளைப் பொருத்தினார்கள். பொதுவான வேலைக்கு 4500 கெல்வின் வெள்ளை, விழிப்புணர்வு தேவைப்படும்போது நீலச்சாயல் கொண்ட 6500 கெல்வின் வெள்ளை, உறங்கப் போகும் முன் 2700 கெல்வின் மஞ்சள் வெளிச்சம் என்பவையே அந்த மூன்று நிலைகள்.

இந்த மூன்று நிலைகளையும் அப்படியே உங்கள் அறைக்கு எடுத்துக்கொள்ளலாம். 2700 முதல் 6500 கெல்வின் வரை மாற்றக்கூடிய, இரு வெள்ளை நிறச் சில்லுகள் கொண்ட பட்டை கடைகளில் கிடைக்கிறது. வாங்கும்போது 24 வோல்ட் வகையாகவும், நிறம் காட்டும் திறனைக் குறிக்கும் சி.ஆர்.ஐ. மதிப்பு 90க்கு மேலும் இருக்கும்படி கேளுங்கள். மதிப்பு குறைந்த பட்டையின் வெளிச்சத்தில் மனித முகம் பிணம்போல வெளிறித் தெரியும்.

கணக்கு எளிது. மீட்டருக்கு 14.4 வாட் பட்டையை 6 மீட்டர் ஓட்டினால் 86 வாட் ஆகிறது. பட்டைக்கு மின்சாரம் தரும் மின்வழங்கி (அடாப்டர்) எப்போதும் முழுச் சுமையில் ஓடக் கூடாது என்பதால் கால் பங்கு கூட்டி, 120 வாட் வழங்கியாக வாங்க வேண்டும். இதே பட்டை 12 வோல்ட் வகையாக இருந்தால் மின்னோட்டம் 7 ஆம்பியரைத் தாண்டும். 24 வோல்ட்டில் அதில் பாதிதான். மின்னோட்டம் கூடும்போது பட்டையின் மெல்லிய செம்புத்தடத்தில் மின்னழுத்தம் வழியிலேயே குறைகிறது. நான் முதன்முறை 12 வோல்ட் வண்ணப் பட்டையை ஒரே முனையிலிருந்து பத்து மீட்டர் தொடர்ச்சியாக ஓட்டினேன். தொடக்கத்தில் வெள்ளையாக இருந்த ஒளி மறுமுனையில் செம்மஞ்சளாக மாறிப்போனது. நீல, பச்சைச் சில்லுகளுக்குச் சிவப்பைவிட அதிக மின்னழுத்தம் தேவை என்பதால் அவைதான் முதலில் மங்குகின்றன. ஐந்து மீட்டருக்கு ஒருமுறை தனிக் கம்பி இழுத்து மின்சாரம் கொடுத்தபின் அது சரியாயிற்று.

பட்டையைச் சுவரில் நேரடியாக ஒட்டுவது கூடாது. அலுமினியத் தடத்துக்குள் ஒட்டி, மேலே பால்வெள்ளை மூடி போட வேண்டும். அலுமினியம் வெப்பத்தை வாங்கிக்கொள்வதால் பட்டையின் ஆயுள் நீளும். ஒளிப்புள்ளிகள் தனித்தனியாகத் தெரிவதுதான் மலிவான வேலையின் அடையாளம். மீட்டருக்கு 60 சில்லுகள் உள்ள பட்டையில் ஒரு சில்லுக்கும் அடுத்ததற்கும் 16 மி.மீ.க்குச் சற்று அதிகமான இடைவெளி இருப்பதால், மூடியும் அதே அளவு ஆழத்துக்கு மேல் தள்ளி இருந்தால்தான் புள்ளிகள் மறையும். ஆழமான தடம் கிடைக்காவிட்டால் 120 சில்லுகள் கொண்ட பட்டையையோ, சில்லுகள் நெருக்கமாகப் பதிக்கப்பட்டுப் புள்ளியே தெரியாத சி.ஓ.பி. பட்டையையோ வாங்குங்கள்.

பட்டைக்கு மிகச் சிறந்த இடம் பரணின் அடிவிளிம்பு. அங்கிருந்து சுவரின் மேல் வழியும் ஒளி, விளக்கு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் சுவரே ஒளிர்வதுபோலத் தோன்றும். கூரையில் விளக்கு வைப்பதானால் மின்விசிறியின் இறக்கைக்கு மேலே வைக்க வேண்டாம். இறக்கைகள் ஒளியை வெட்டி வெட்டி விடுவதால் அறை முழுதும் துடிக்கும், அரை மணி நேரத்தில் தலை வலிக்கும். எழுதும் மேசைப் பரப்பில் 300 முதல் 500 லக்ஸ் வெளிச்சம் வேண்டும் என்பதால், மறைமுக ஒளியோடு மேசைக்கென்று ஒரு தனி விளக்கும் அவசியம். திரையின் பின்னே 6500 கெல்வின் பட்டை ஒன்றை மங்கலாக எரியவிட்டால் இரவு வேலையில் கண் சோர்வது குறையும்.

நாடகத்தன்மைக்கு ஒரு நிறம் வேண்டுமென்றால் சிவப்பைப் பரிந்துரைக்கிறேன். இருட்டுக்குப் பழகிய கண்ணின் கோல் செல்கள் சிவப்பு ஒளியை அதிகம் உணர்வதில்லை என்பதால்தான் கப்பல்களின் மேல்தளக் கட்டுப்பாட்டு அறைகளில் இரவில் சிவப்பு விளக்கு எரிகிறது. வேலை முடிந்து இசை கேட்கும் நேரத்தில் தரையோரம் மட்டும் மெல்லிய சிவப்பு எரிவதைப் பார்த்தால், இது ஒரு வீட்டின் அறை என்ற எண்ணமே மறைந்துவிடும்.

இந்த நிலைகளை மாற்ற இ.எஸ்.பி.32 என்ற சிறு மின்சுற்றுப் பலகையும், டபிள்யூ.எல்.இ.டி. என்ற இலவச மென்பொருளும் போதும். சில்லுக்குச் சில்லு நிறம் மாறும் 5 வோல்ட் பட்டையைப் பயன்படுத்துபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: முழு வெள்ளையில் ஒரு சில்லு 60 மில்லி ஆம்பியர் வரை இழுக்கும். 300 சில்லுகளுக்கு அது 18 ஆம்பியர். மெல்லிய கம்பி உருகிவிடும். மென்பொருளில் மின்னோட்ட வரம்பை அமைத்தபிறகே மின்சாரம் கொடுங்கள். கைப்பேசியில் நிலையை மாற்றுவதைவிட, மேசையின் சாய்ந்த விளிம்பில் மூன்று டாகிள் சுவிட்சுகளைப் பொருத்தி, ஒவ்வொன்றையும் 'டக்' என்ற ஒலியோடு மேலே தள்ளுவதில் உள்ள நிறைவு தனி. சென்னையின் மின்னணுப் பொருள் சந்தையான ரிச்சி தெருவில் உலோகக் கழுத்துள்ள பழைய வகைச் சுவிட்சுகள் கிடைக்கும். இவை குறைந்த மின்னழுத்தக் கட்டுப்பாட்டுக்கு மட்டுமே. 230 வோல்ட்டை இவற்றின் வழியே ஒருபோதும் கொண்டுபோக வேண்டாம்.

சுவர்

சுவருக்கு வெளிர் சாம்பல், பலகை இணைப்புக் கோடுகளுக்குக் கரும்சாம்பல், எச்சரிக்கை இடங்களுக்கு மட்டும் ஆரஞ்சு என்று மூன்று நிறங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கூரையை இரவு வானம்போலக் கறுப்பாக்கும் ஆசை பலருக்கும் வரும். பத்துக்குப் பத்து அறையில் கறுப்புக் கூரை வெளிச்சத்தை விழுங்கிவிடும், மேசை விளக்கு இரண்டு மடங்கு எரிய வேண்டிவரும். கூரை வெள்ளையாகவே இருக்கட்டும். பூச்சு பளபளப்பில்லாத மேட் வகையாக இருந்தால் சுவரின் மேடுபள்ளம் தெரியாது.

செலவில்லாமல் உலோகத் தகடுகள் பொருத்தியதுபோலத் தோன்றச் செய்ய ஒரு முறை உண்டு. முதலில் சுவர் முழுதும் கோட்டின் நிறமான கரும்சாம்பலை அடியுங்கள். அது நன்றாகக் காய்ந்த மறுநாள், நீர்மட்டக் குழலோ லேசர் கருவியோ வைத்து 4 மி.மீ. அகல மாஸ்கிங் டேப்பைத் தகடுகளின் எல்லைகளாக ஒட்டுங்கள். மூலைகளை 45 பாகையில் திருப்புங்கள். பிறகு டேப்பின் விளிம்புகளின் மேல் மீண்டும் அதே கரும்சாம்பலை ஒரு கை மெல்லியதாகத் தடவுங்கள். இந்தப் படியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். டேப்பின் அடியில் கசிய வேண்டியது இந்த நிறமே கசிந்து இடைவெளியை அடைத்துவிடுவதால், அடுத்து அடிக்கும் வெளிர் சாம்பல் உள்ளே புக முடியாது. வெளிர் சாம்பலின் இரண்டாம் பூச்சு ஈரமாக இருக்கும்போதே டேப்பைச் சுவரை ஒட்டி மெதுவாக உரித்தெடுங்கள். கத்தியால் கீறியது போன்ற கோடு கிடைக்கும். தகடுகளின் அளவு எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டாம். கழற்றிப் பழுதுபார்க்க வேண்டிய இடங்களில், அதாவது சுவிட்ச் பெட்டி, ரவுட்டர் ஆகியவற்றைச் சுற்றிச் சிறிய தகடுகளும் மற்ற இடங்களில் பெரியவையும் வரையப்பட்டால், அங்கே உண்மையிலேயே ஏதோ இருக்கிறது என்று கண் நம்பும். வாடகை வீட்டில் இருப்பவர்கள், வீட்டு உரிமையாளரிடம் முன்பே சொல்லிவிட்டு இதோடு நிறுத்திக்கொள்ளலாம். காலி செய்யும்போது இரண்டு பூச்சு வெள்ளை அடித்தால் முடிந்தது.

சொந்த வீடாக இருந்தால் ஒரு சுவருக்கு உண்மையான பலகைகள் பொருத்தலாம். மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகை மலிவு, வெட்டவும் எளிது. ஆனால் கடலோர ஊரின் ஈரத்தில் அது விளிம்பில் ஊதிவிடும். ஈரத்தைத் தாங்கும் பி.டபிள்யூ.ஆர். தரத்தில் 6 மி.மீ. ஒட்டுப்பலகை நீடித்திருக்கும். சுவரில் ரீப்பர்களை அடித்து அவற்றின் மேல் பலகையைத் திருகினால், பின்னே கிடைக்கும் அரை அங்குல இடைவெளியில் காற்றும் போகும், கம்பிகளும் போகும். ஆணியோ பசையோ வேண்டாம். வெளியே தெரியும்படி ஆறுமுகத் தலைத் திருகுகளைச் சம இடைவெளியில் போடுங்கள். கழற்றக்கூடிய தகடு என்பது அறைக்கு அழகு, உங்களுக்கு வசதி. பெயர்ப்பலகை செய்யும் கடைகளில் மிஞ்சும் ஏ.சி.பி. எனப்படும் அலுமினியக் கூட்டுத்தகட்டுத் துண்டுகளையும் குறைந்த விலைக்குக் கேட்டு வாங்கலாம். ஒலி தடுக்கும் என்று விற்கப்படும் முட்டைத்தட்டு வடிவப் பஞ்சை மட்டும் சுவரில் ஒட்ட வேண்டாம்; அது பெரும்பாலும் எளிதில் தீப்பற்றும் பாலியூரித்தேன். எதிரொலியைக் குறைக்க அழுத்திய பாலியஸ்டர் பலகைகள் கிடைக்கின்றன.

திரைப்படங்களுக்கு மாதிரிக் கலங்கள் செய்பவர்கள், வெறுமையான பரப்பில் சிறு சிறு உறுப்புகளை ஒட்டி அதைப் பெரிதாகவும் சிக்கலானதாகவும் காட்டுவார்கள். அதற்கு கிரீபிள் என்று பெயர். பழைய அச்சுப்பொறியின் உள்ளுறுப்புகள், வெப்பத்தகடுகள், புதுப்பேட்டைப் பழைய வாகன உதிரிக் கடைகளில் கிடைக்கும் வால்வு மூடிகள் ஆகியவை இதற்கு ஏற்றவை. ஒரு முழப் பரப்புக்குள் இவற்றை நெருக்கமாகச் சேர்த்து, முழுவதற்கும் ஒரே சாம்பல் பூச்சு அடித்துவிட்டு, மற்ற பரப்பை வெறுமையாக விடுங்கள். சுவர் முழுதும் பரப்பினால் கண்ணுக்கு ஓய்விடம் இருக்காது, தூசி துடைப்பதும் தொல்லையாகிவிடும்.

சன்னலும் திரைகளும்

இருக்கும் சன்னலை அடைத்துவிட்டுப் பொய்ச் சன்னல் வைப்பதை நான் ஏற்கவில்லை. பகல் வெளிச்சமும் காற்றும் வேலை செய்பவரின் உரிமை. சன்னலின் உட்பக்கத்தில் மூலை மழுங்கிய ஒட்டுப்பலகைச் சட்டம் ஒன்றைக் கீல் போட்டுப் பொருத்தி, கண்ணாடியின் ஓரங்களில் மட்டும் பனிப்படலம்போன்ற ஒட்டுத்தாளை ஒட்டினால், அதே வேப்பமரமும் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியும் கலத்திலிருந்து பார்க்கும் காட்சியாகிவிடும்.

விண்வெளியைப் பார்க்க இன்னொரு சன்னல் வேண்டுமென்றால், பயன்படாமல் கிடக்கும் 24 அங்குலத் திரையைப் பலகைச் சுவரின் பின்னே பொருத்தி, முன்பலகையில் வட்டத் திறப்பு வெட்டுங்கள். 2010இல் விண்வெளி நிலையத்தோடு இணைக்கப்பட்ட குப்போலா என்ற பார்வைக் கூண்டில் ஏழு சன்னல்கள் உண்டு. நடுச்சன்னலின் விட்டம் ஏறக்குறைய 80 செ.மீ. உங்கள் திரையின் உயரம் அதில் பாதிகூட வராது என்பதால், வட்டத்தைச் சுற்றி ஆறு பட்டைகளாகச் சாய்ந்த சட்டம் செய்து, நடுவில் மட்டும் காட்சி தெரியும்படி அமைத்தால் அளவின் குறை தெரியாது. திரை பலகையிலிருந்து இரண்டு அங்குலம் உள்ளே தள்ளி இருப்பது முக்கியம். தலையை அசைக்கும்போது விளிம்பு காட்சியை மறைத்துத் திறப்பதுதான் ஆழம் என்னும் உணர்வைத் தருகிறது. நாசாவின் படங்களும் காணொளிகளும் பெரும்பாலும் காப்புரிமைத் தடையின்றிக் கிடைக்கின்றன. மெதுவாக நகரும் காட்சிகளையே தேர்ந்தெடுங்கள். வேலை நேரத்தில் கண்ணின் ஓரத்தில் எதுவும் வேகமாக அசையக் கூடாது.

கட்டுப்பாட்டுத் திரைகளில் பொருளற்ற எண்களும் வரைகோடுகளும் ஓடுவதைப் பலர் விரும்புகிறார்கள். எனக்கு அது மனதுக்கு ஒட்டவில்லை. அதே திரையில் உண்மைத் தகவலைக் காட்டலாம் அல்லவா: சென்னை நேரம், உலகப் பொது நேரம், நீங்கள் பணியாற்றும் நிறுவனம் உள்ள ஊரின் நேரம், யு.பி.எஸ். மின்கலத்தின் அளவு, அறையின் வெப்பம், அடுத்த கூட்டத்துக்கு மிஞ்சியிருக்கும் நிமிடங்கள். ஒரு பழைய டேப்லட் இதற்குப் போதும். ஆனால் அதை ஆண்டு முழுதும் மின்சாரத்தில் மாட்டியே வைத்தால் மின்கலம் உப்பி, சமயத்தில் தீப்பிடிக்கவும் கூடும். நேரம் வைத்து அணைந்து எரியும் பிளக் ஒன்றின் மூலம் நாளில் சில மணி நேரம் மட்டும் மின்னேற்றுங்கள். டேப்லட்டின் முதுகு பலகையோடு ஒட்டாமல் காற்றோட்டமாக இருக்கட்டும்.

கூட்டங்களில் உங்கள் காணொளியில் கிடைக்கோடுகள் ஓடினால் பழுது விளக்கில் மட்டும் இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பல கேமராக்கள் 60 ஹெர்ட்ஸுக்கு அமைக்கப்பட்டு வருகின்றன. அமைப்புகளில் அதை 50 என்று மாற்றிப் பாருங்கள்.

தரைக்குப் பேருந்துகளில் இருப்பது போன்ற நாணய வடிவப் புடைப்புகள் கொண்ட சாம்பல் ரப்பர் விரிப்பு போதும். ஒலிக்கென்று தனியாக எதுவும் செய்ய வேண்டாம். குளிர்சாதனத்தின் முனகலே கலத்தின் ஓசை.

எழுத்து

கடைசியில் செய்ய வேண்டிய இந்த வேலைதான் எனக்கு மிகவும் பிடித்தது. விண்வெளி நிலையத்தில் எதை எங்கே வைப்பது, எதைத் தொடக் கூடாது என்பதெல்லாம் சீட்டுகளாக ஒட்டப்பட்டிருக்கும். நம் அறையின் சீட்டுகள் ஏன் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும்? எதிர்காலக் கலம் ஒன்றில் தமிழர்கள் பயணம் செய்தால் அதன் கதவுகளில் தமிழ்தான் எழுதியிருக்கும். 'குளிரூட்டி', 'மின்கலன்', 'மேல்சேமிப்பு', 'அழுத்தித் திற' என்று சுருக்கமாக எழுதுங்கள். வரிசை எண்களுக்குத் தமிழ் எண்களான ௧, ௨, ௩, ௪ ஆகியவற்றைப் பயன்படுத்தினால், நமக்கே சற்று அயலாகவும் அதே நேரம் நெருக்கமாகவும் தோன்றும் விந்தையான உணர்வு கிடைக்கும். பழைய எண்கள் எதிர்காலத்தின் எண்களாகிவிடுகின்றன.

எழுத்துருவில் கவனம் வேண்டும். சுழிகள் மிகுந்த, அழைப்பிதழ்களில் வரும் எழுத்துருக்கள் பொருந்தா. முக்த மலர், ஹிந்த் மதுரை, கட்டுமரம் என்ற தமிழ்ச் சொல்லிலிருந்து பெயர் பெற்ற கேட்டமரன் ஆகியவை இலவசமாகக் கிடைப்பவை, தடிமன் சீரானவை. கேட்டமரனில் ஒன்பது தடிமன்கள் உள்ளதால் தலைப்புக்கும் குறிப்புக்கும் ஒரே குடும்பத்தைப் பயன்படுத்தலாம். ஸ்டிக்கர் கடையில் வினைல் தாளில் கத்தியால் வெட்டித் தரச் சொல்லும்போது, 'ணை', 'ழு', 'ஞ' போன்ற எழுத்துகளின் உட்சுழிகள் மிகச் சிறிய அளவில் பிய்ந்துபோகும் என்பதால், எழுத்தின் உயரம் 15 மி.மீ.க்குக் குறையாமல் இருக்கட்டும். ஒட்டும் முன் எழுத்துப்பிழை பாருங்கள். ஒற்று விடுபட்ட அறிவிப்புச் சீட்டு நாள்தோறும் கண்ணை உறுத்தும்.

எல்லாத் தகடுகளையும் மூடித் திருகிவிடும் முன் ஒரு சோதனை மிச்சமிருக்கிறது. எல்லா விளக்குகளையும் முழு அளவில் எரியவிட்டு, குளிர்சாதனத்தை அணைத்து, கதவைச் சாத்தி நான்கு மணி நேரம் விடுங்கள். பிறகு மின்சாரத்தை அணைத்துவிட்டு, மின்வழங்கியின் மேலும், கம்பி இணைப்புகளின் மேலும், அலுமினியத் தடங்களின் மேலும் புறங்கையை வைத்துப் பாருங்கள். இளஞ்சூடு இருந்தால் கவலையில்லை. கையை ஐந்து விநாடி வைக்க முடியாத சூடு எங்கே இருந்தாலும், அங்கே இணைப்பு தளர்ந்திருக்கிறது, அல்லது கம்பி மெல்லியது, அல்லது காற்றுக்கு வழியில்லை. அதைச் சரிசெய்து, மறுபடியும் நான்கு மணி நேரம் எரியவிட்டுப் பார்த்த பிறகு கடைசித் தகட்டின் திருகுகளை முடுக்குங்கள்.